ஃபின்ச்சுக்கும் லாம்ப்ரேவுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். மொட்டை மாடியில் கூண்டு கட்டி நாலு ஜோடி ஜீப்ரா ஃபின்ச் வளர்க்கிறேன். என் மகள் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறாள். "இந்தக் குருவியிடம் இருக்கிற ஒரு விசித்திரம் கோழியிடம் கிடையாது, நம்மிடமும் கிடையாது. ஆனால் லாம்ப்ரே என்கிற தாடையில்லாத மீனிடம் இருக்கிறது" என்று வகுப்பில் சொன்னார்களாம். என்ன அது என்று கேட்டால், "சொந்த டி.என்.ஏ.வையே தூக்கி எறிந்துவிடுமாம்" என்கிறாள். அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. குருவிக்கும் மீனுக்கும் அப்படி என்ன உறவு?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உறவைத்தான் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் ஃபின்ச்சுக்கு லாம்ப்ரேவைவிட நீங்கள்தான் கிட்டத்துச் சொந்தம். பறவைகளின் கிளையும் பாலூட்டிகளின் கிளையும் பிரிந்து சுமார் 32 கோடி ஆண்டுகள் ஆகின்றன. லாம்ப்ரேயின் கிளை அதற்கும் வெகு முன்னால், ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தனியாகப் போய்விட்டது. முதுகெலும்புள்ள எந்தப் பிராணிக்கும் தாடை என்ற ஒன்று வராத காலம் அது. கெண்டையையும் லாம்ப்ரேவையும் மீன் என்று ஒரே கூடையில் போடுகிறோம். அந்தக் கெண்டைகூட லாம்ப்ரேவைவிட நமக்குத்தான் நெருக்கம்.

மகள் சொன்ன விஷயம் மட்டும் உண்மை. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

உடம்பில் எந்த செல்லை எடுத்தாலும் உள்ளே இருப்பது ஒரே டி.என்.ஏ. என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். கண்ணில் இருக்கும் செல்லுக்கும் குடலில் இருக்கும் செல்லுக்கும் ஏடு ஒன்றுதான், திறந்து படிக்கும் பக்கம்தான் வேறு. நம் விஷயத்தில் ஒன்றிரண்டு விலக்குகளைத் தவிர இது சரிதான்.

1998இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் பிகோஸி, சோலாரி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஜீப்ரா ஃபின்ச்சின் விந்தகத்தையும், முட்டை உருவாகும் சூலகத்தையும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். விந்தையும் முட்டையையும் உண்டாக்குகிற செல்களில் ஒரு குரோமோசோம், அதாவது டி.என்.ஏ. சுருட்டி வைத்த ஒரு கட்டு, கூடுதலாக இருந்தது. சின்னதும் இல்லை, அந்தப் பறவையின் குரோமோசோம்களிலேயே அதுதான் பெரியது. உடம்பின் மற்ற செல்களில் அது கிடையாது. கரு வளர ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே, உடம்பாகப் போகிற செல்கள் எல்லாம் அதைக் கழித்துவிடுகின்றன. இனப்பெருக்கத்துக்கு என்று ஒதுங்கிய செல்களில் மட்டும் அது தங்குகிறது. அதன் அளவு, அந்த செல்களில் உள்ள மொத்த டி.என்.ஏ.வில் பத்தில் ஒரு பங்குக்கு மேல்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெண் பறவையின் முட்டை செல்லில் அது ஜோடியாக இருக்கிறது. ஆணிடம் ஒற்றையாகத்தான் இருக்கிறது, அதையும் விந்து முழுதாக உருவாகுமுன் வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே குஞ்சுக்கு அந்தக் குரோமோசோம் பெரும்பாலும் தாய்வழிச் சொத்து. அப்பனிடமிருந்து வருவது அபூர்வம்.

இத்தனை பெரிய சமாசாரம் வெகு நாள் யார் கவனத்துக்கும் பெரிதாக வரவில்லை. 2010இல் ஜீப்ரா ஃபின்ச்சின் ஜீனோமை, அதாவது மொத்த டி.என்.ஏ.வை, வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். கோழிக்கு அடுத்து அந்தப் பெருமை பெற்ற பறவை இதுதான். ஆனால் அந்த வரிசையில் இந்தக் குரோமோசோம் இல்லை. அதன் மேல் இருக்கும் ஜீன்களில் முதலாவது தெரியவந்ததே 2018இல்தான். அடுத்த வருடம் அலெக்ஸாண்டர் சூ என்ற ஆராய்ச்சியாளரின் குழு குறைந்தது 115 ஜீன்களை அதில் கண்டது. சில வெகு பழையவை, சில அண்மையில் மற்ற குரோமோசோம்களிலிருந்து நகலாகி வந்து ஒட்டிக்கொண்டவை. அதே 2019இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் குழு ஒன்று வேறு பாடும் பறவைகளையும் சோதித்துப் பார்த்தது. முன்பு தெரிந்தவற்றையும் சேர்த்து 16 இனங்கள், அத்தனையிலும் இருந்தது. பாடும் பறவை வரிசையில் சேராத எட்டு இனங்களில் ஒன்றில்கூட இல்லை.

உங்கள் கூண்டில் பெங்காலீஸ் ஃபின்ச்சும் இருக்கிறதா? ஃபின்ச் வளர்ப்பவர்கள் அடைகாக்க வைப்பதற்கென்றே அதையும் வாங்கி விடுவார்கள். அதிலும் 2014இல் இந்தக் குரோமோசோமைப் பார்த்துவிட்டார்கள். அதன் காட்டு மூதாதை வெண்முதுகுச் சில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்துத் தோப்புகளில் கூட்டமாகப் புல்விதை கொத்தும் அதே சில்லைதான். (சில்லையைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது சட்டப்படி குற்றம். கடைக்காரர் என்ன பெயர் சொல்லிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.)

இப்போது லாம்ப்ரே. தமிழ்நாட்டில் விலங்கியல் படித்த எவரும் இதைப் பார்க்காமல் தப்பியிருக்க முடியாது. ஆய்வகத்து அலமாரியில், மங்கலான ஃபார்மலின் ஜாடிக்குள், விலாங்கு மாதிரி வளைந்து கிடக்குமே, லேபிளில் பெட்ரோமைசான் என்று இருக்கும், அதுதான். வாய் வட்டமாக இருக்கும். உள்ளே வரிசை வரிசையாகக் கொம்புப் பற்கள். தலை உச்சியில் ஒரே ஒரு மூக்குத் துளை, பக்கத்துக்கு ஏழு செவுள் துளைகள். செதில் இல்லை, எலும்பு இல்லை, ஜோடித் துடுப்பும் இல்லை. இல்லாததைச் சொல்லிச் சொல்லியே வருணிக்கிற பிராணி.

கடல் லாம்ப்ரே தன் கரு வளரும் முதல் சில நாட்களுக்குள் டி.என்.ஏ.வில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறது என்பதை ஜெரமையா ஸ்மித்தும் அவரோடு வேலை செய்தவர்களும் 2009இல் காட்டினார்கள். எண்ணிக்கையில் சொன்னால் சுமார் 230 கோடி டி.என்.ஏ. எழுத்துகளில் ஏறக்குறைய 50 கோடி எழுத்துகள் காலி. செல் பிரியும்போது மற்ற குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்துவிடும். கழிக்கப்பட வேண்டியவை மட்டும் நடுவழியில் பின்தங்கும். அப்புறம் அவற்றைச் சுற்றித் தனியாக ஒரு குட்டி உறை உண்டாகி, உள்ளேயே சிதைந்துபோகும். ஃபின்ச்சின் ஆண் செல்லிலும் அந்தக் குரோமோசோம் இப்படித் தனி உறைக்குள் போய்த்தான் வெளியேறுகிறது.

எதற்கு இந்த வேலை? லாம்ப்ரே எறிகிற ஜீன்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. அவற்றில் பல, இனப்பெருக்க செல்களை உருவாக்கவும் செல்களை வேகமாகப் பெருக்கவும் உதவுகிறவை. அதே மாதிரி ஜீன்கள் மனித உடம்பில் தவறான இடத்தில், தவறான வயதில் விழித்துக்கொண்டால் புற்றுநோயில் போய் முடியலாம். நாம் அப்படிப்பட்ட ஜீன்களை வேதிப் பூட்டுப் போட்டு செல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறோம், பூட்டு சில சமயம் கழன்றும் விடுகிறது. லாம்ப்ரே அந்த வம்பே வேண்டாம் என்று, தேவையில்லாத செல்லிலிருந்து வேரோடு அகற்றிவிடுகிறது.

நெல் விளைகிற ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். சோற்றுக்குப் போகிற நெல்லைக் குத்தி உமியை நீக்கித் தீட்டிவிடுகிறோம். விதைநெல்லை அப்படியே உமியோடு தனிக் குதிரில் போட்டு வைக்கிறோம். உமியோடு சமைத்தால் தின்ன முடியாது, தீட்டிய அரிசியை விதைத்தால் முளைக்காது. உடம்பு செல் சோற்றரிசி, விந்தும் முட்டையும் விதைநெல்.

இந்த ஏற்பாடு ஒன்றை ஒன்று பார்த்து வந்ததா என்றால், இல்லை. பொது மூதாதையிடமிருந்து வந்த சொத்தாக இருந்தால் இடையில் இருக்கிற எல்லோரிடமும், குறைந்தது சிலரிடமாவது, அதன் சுவடு இருக்க வேண்டும். கோழியிடம் இல்லை, சுறாவிடம் இல்லை, நம்மிடமும் இல்லை. ஆக லாம்ப்ரேயின் வரிசை தனியாகவும், பாடும் பறவைகளின் மூதாதை வெகு பிந்தித் தனியாகவும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. குதிரைக் குடலில் வாழும் உருளைப்புழுவிலும் இது மாதிரி ஒன்று நடப்பதை ஜெர்மானியரான தியோடர் பொவேரி 1887லேயே எழுதிவிட்டார். லாம்ப்ரேயின் ஒன்றுவிட்ட சொந்தமான ஹேக்ஃபிஷ்ஷில் ஜப்பானியர்கள் 1986இல் பார்த்தார்கள். இயற்கையில் இது அடிக்கடி நடக்காது. ஆனால் நடந்த இடங்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரம்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். இதைவிட நல்ல திட்ட ஆய்வுத் தலைப்பு அவளுக்குக் கிடைப்பது கடினம்.

கேள்வி: மேடம், பாடும் பறவை ஒன்றையும் தாடையில்லா மீன் ஒன்றையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லி அசைன்மென்ட் கொடுத்திருக்கிறார்கள். வேறுபாடுகளை அட்டவணையாகத் தர முடியுமா?
— ஒரு கல்லூரி மாணவி, மதுரை

பதில்: அட்டவணை கிடைக்காது. "தாடை உண்டு – இல்லை, இறகு உண்டு – இல்லை" என்று இரண்டு பத்தி கோடு போட்டு எழுதிய விடைத்தாள்களை நான் திருத்திய காலம் போதும். உன் ஆசிரியர் பாவம், அவரையும் கொஞ்சம் தூங்க விடாமல் செய்வோம்.

பிள்ளைகளுக்குப் பெற்றோர் என்ன கொடுக்கிறார்கள் என்று ஆரம்பி. ஜீப்ரா ஃபின்ச்சில் ஆண்தான் பாடும். கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டும், விலாவில் வெள்ளைப் புள்ளியும் இருப்பது ஆண். ஆண் குஞ்சு முட்டையிலிருந்து வந்து ஏறக்குறைய 25 நாளிலிருந்து 90 நாளுக்குள், அப்பாவின் பாட்டைக் கேட்டு மனதில் வாங்கி, முதலில் உளறி, பிறகு திருத்தித் திருத்தி ஒரே ஒரு பாட்டைக் கற்றுக்கொள்ளும். அதன் பிறகு ஆயுளுக்கும் அதே பாட்டுத்தான். பெங்காலீஸ் ஃபின்ச்சிடம் தத்துக் கொடுத்தால் வளர்ப்பு அப்பாவின் பாட்டைப் பாடும். யாரையும் கேட்காமல் வளர்ந்தால் பாட்டு கோணலாகவே நின்றுவிடும்.

லாம்ப்ரே குஞ்சுக்கு அப்பா முகமும் தெரியாது, அம்மா முகமும் தெரியாது. ஆற்றில் முட்டையிட்டதும் இரண்டும் செத்துப்போகும். அம்மோசீட் என்கிற அந்த லார்வாவைத்தான் நீ ஸ்லைடில் பார்த்து வரைந்திருப்பாய். கண் சரியாகத் தெரியாமல், பல் இல்லாமல், ஆற்று மணலில் புதைந்து, நீரில் வருவதை வடிகட்டித் தின்று பல வருடம் கிடக்கும். (மருத்துவ மாணவராக இருந்த சிக்மண்ட் ஃப்ராய்ட் 1870களில் வியன்னாவில் இந்த லார்வாவின் தண்டுவட செல்களைத்தான் நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். கனவுகள் பக்கம் போனது பிற்பாடு.) வளர்ந்து உருமாறிக் கடலுக்குப் போய், பெரிய மீன்களில் ஒட்டி ரத்தம் குடித்துவிட்டு, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். எந்த ஆறு? பிறந்த ஆறுதான் என்று இல்லை. மணலில் கிடக்கும் லார்வாக்கள் வெளிவிடும் பித்த அமில வாசனை எந்த ஆற்றில் வருகிறதோ அதில் ஏறும். இன்றைய பிள்ளைகள் உயிரோடு இருக்கிற ஆறு, நாளைய பிள்ளைகளுக்கும் தோதானது என்கிற கணக்கு. ஃபின்ச்சில் தகப்பன் மகனுக்குச் சொல்லித் தருகிறான், லாம்ப்ரேயில் யாரோ பெற்ற பிள்ளைகள் பெரியவர்களுக்கு வழி காட்டுகின்றன.

அப்புறம் ஒற்றுமைக்கு வா. மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. டி.என்.ஏ. கழிப்பதை மேலே ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன பதிலில் பார்த்துக்கொள். அது தனித்தனியாக வந்தது. மூதாதையிடமிருந்து வந்த நிஜமான ஒற்றுமை மூளையில் இருக்கிறது. குஞ்சு ஃபின்ச்சின் மூளையில் ஏரியா எக்ஸ் என்ற பகுதியைச் சிதைத்துவிட்டால் அதன் பாட்டு ஒருபோதும் நிலைப்படாது. முதிர்ந்த ஆணுக்கு அதே சேதம் ஏற்பட்டால், ஏற்கெனவே கற்ற பாட்டு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஷார்ஃப், நாட்டபோம் என்ற ஆராய்ச்சியாளர்கள் இதை 1991இல் காட்டினார்கள். ஏரியா எக்ஸ் என்பது பேசல் கேங்லியா என்கிற பெரிய அமைப்பின் ஒரு பகுதி. எந்த அசைவைச் செய்வது, எதை அடக்குவது என்று தேர்ந்தெடுக்கிற இடம். மனிதர்களுக்குப் பார்க்கின்சன் நோயில் கெட்டுப்போவது இதன் வேலைதான்.

ஸ்டாக்ஹோமில் ஸ்டென் கிரில்னரின் ஆய்வகம் பல வருடங்களாக லாம்ப்ரேயின் மூளையையும் தண்டுவடத்தையும் ஆராய்ந்தது. 2011இல் அவர்கள் வெளியிட்டதைப் பார்த்தால், பேசல் கேங்லியாவின் முக்கியமான பாகங்கள், அவற்றின் இணைப்புகள், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் பங்கு எல்லாம் லாம்ப்ரேயிலும் நம்மில் இருப்பது போலவே அமைந்திருக்கின்றன. அதாவது ஃபின்ச் பாட்டுக் கற்கப் பயன்படுத்தும் சுற்றின் அடித்தளம், தாடை தோன்றுவதற்கு முன்பே போட்டாகிவிட்டது. லாம்ப்ரே அதை வைத்து நீந்துவதா, ஒட்டுவதா, ஓடுவதா என்று முடிவு செய்கிறது. ஃபின்ச் அதே தளத்தின் மேல் பாட்டு வாத்தியாரை உட்கார வைத்திருக்கிறது.

அசைன்மென்ட்டில் ஒரே ஒரு வேண்டுகோள். "லாம்ப்ரே வளர்ச்சி குன்றியது, பறவை மேம்பட்டது" என்று முடிக்காதே. லாம்ப்ரேயும் 50 கோடி வருடம் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அதன் நோய் எதிர்ப்புப் புரதங்களே நம் ஆன்டிபாடிகளிலிருந்து வேறு வகை. தண்டுவடத்தை வெட்டினால் சில மாதங்களில் மறுபடி நீந்தும். அதை நாமோ ஃபின்ச்சோ செய்ய முடியுமா?

கேள்வி: உடம்பு செல்லில் அந்தக் குரோமோசோம் இல்லை என்றால், ஃபின்ச்சின் தோல் செல்லிலிருந்து டோலி ஆடு மாதிரி குளோன் எடுக்க முடியாதா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நல்ல கேள்வி. டோலி 1996இல் ஒரு ஆட்டின் மடி செல்லிலிருந்து பிறந்தது. ஆட்டின் மடி செல்லில் முழு டி.என்.ஏ.வும் இருந்ததால் அது சாத்தியமாயிற்று. ஃபின்ச்சின் தோல் செல்லில் அந்தப் பெரிய குரோமோசோம் கிடையாது, ஆகவே அதிலிருந்து உண்டாக்கும் குஞ்சின் விந்தகத்திலும் சூலகத்திலும் அது இருக்காது. விதைநெல் இல்லாத வீடாகிவிடும். அது போக, பறவை முட்டையில் மஞ்சள் கரு அடைத்துக்கொண்டிருப்பதால் ஆட்டுக்குச் செய்த முறையை அப்படியே அதில் செய்வதே பெரும்பாடு.

இதில் நடைமுறை விஷயம் ஒன்று இருக்கிறது. அருகிவரும் பறவைகளின் தோல் செல்களை உறைய வைத்துச் சேமிக்கிறார்கள். கழுகுக்கும் கொக்குக்கும் அது போதும் என்று வைத்துக்கொண்டாலும், பாடும் பறவைக்குத் தோல் மட்டும் போதாது. விந்தகம், சூலகத் திசுவையும் சேர்த்துச் சேமித்தால்தான் கணக்கு முழுசாகும்.

கேள்வி: லாம்ப்ரே நம் கடலில் கிடைக்குமா? சாப்பிடலாமா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: கிடைக்காது. அது குளிர்ந்த நீர்ப் பிராணி. கடல் லாம்ப்ரேயின் சொந்த இடம் வட அட்லாண்டிக்கின் இரு கரைகள்.

சாப்பிடலாமா என்றால், இங்கிலாந்தின் முதலாம் ஹென்றி 1135இல் செத்ததே மருத்துவர் பேச்சைக் கேட்காமல் லாம்ப்ரேவை அளவுக்கு மீறித் தின்றதால்தான் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். போர்ச்சுகலில் இன்றும் வருட ஆரம்ப மாதங்களில் லாம்ப்ரேயின் ரத்தத்தையே குழம்பாக்கி அரிசியோடு சமைக்கிறார்கள். விலை மலிவில்லை.

அட்லாண்டிக்கின் மறுகரையில் கதை தலைகீழ். கடலிலிருந்து அமெரிக்கா, கனடா எல்லையில் இருக்கும் பெரும் ஏரிகளின் உட்பகுதிக்குப் போக முடியாமல் நயாகரா அருவி தடுத்துக்கொண்டிருந்தது. கப்பல் போக 1829இல் வெல்லண்ட் கால்வாய் வெட்டினார்கள், பின்னால் அகலப்படுத்தினார்கள். 1921இல் ஈரி ஏரியில் லாம்ப்ரே தென்பட்டது, 1930களின் கடைசிக்குள் மேலே இருந்த எல்லா ஏரிகளிலும் ஏறிவிட்டது. அங்கிருந்த ட்ரௌட் மீன்பிடித் தொழில் நொறுங்கியது. ஆயிரக்கணக்கான ரசாயனங்களைச் சோதித்து, லார்வாவை மட்டும் குறிவைத்துக் கொல்லும் டி.எஃப்.எம். என்ற மருந்தைக் கண்டுபிடித்து 1958 முதல் ஓடைகளில் விடுகிறார்கள், இன்றும் நிறுத்த முடியவில்லை. பிரிட்டனில் நிலைமை நேர் எதிர், அங்கே லாம்ப்ரே பாதுகாக்கப்பட்ட இனம். அரச குடும்பத்துக்கு க்ளோஸ்டர் நகரம் லாம்ப்ரே பை செய்து அனுப்பும் பழைய வழக்கத்துக்கு, எலிசபெத் ராணியின் 2012 வைரவிழாவின்போது மீனை அமெரிக்கப் பக்கத்து ஏரிகளிலிருந்து வரவழைத்தார்கள்.

தூத்துக்குடி வலையில் வருவது விலாங்கு அல்லது அஞ்சாலை. வாயைத் திறந்து பாருங்கள், மேலும் கீழும் நல்ல தாடை இருக்கும். கடிக்கவும் கடிக்கும், விரலை உள்ளே விடாதீர்கள்.